பொன்னி ரயில் ஏறினாளா

கணேசமூர்த்தி தன் அறுபத்தேழாவது வயதில் ஒரு படத்தைத் தேடி அலைந்தார் என்று சொன்னால் அந்த மலேசியத் தோட்டத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். பெண்டாட்டிக்காக அலைந்தார் என்றால் இன்னும் பலமாகச் சிரிப்பார்கள். நாற்பது வருஷக் குடித்தனத்தில் செல்லத்துக்கு ஒரு செம்புத் தண்ணீர் மோந்து கொடுத்தவர் இல்லை அவர். கங்காணி மாதிரியான மண்டோர் வேலையில் ஆட்களை அதட்டிப் பழகி, வேலையை விட்ட பிறகு அதட்டுவதற்கு அவளை மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டவர். அப்படிப்பட்ட மனிதர்தான் சில நாள் ஓயாமல் கோலா சாவாவுக்கும் லுக்குட்டுக்குமாக மோட்டார் சைக்கிளில் ஓடினார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சும்மாவா சொன்னார்கள்?

செல்லத்துக்கு வயிற்றில் கட்டி. சிரம்பான் ஆஸ்பத்திரியில் ஐந்து வாரமாகப் படுத்திருந்தாள். இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், கேட்டதைச் சாப்பிடக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன் அர்த்தம் செல்லத்துக்கும் புருஷனுக்கும் மகளுக்கும் புரிந்தது. செல்லம் அழவில்லை. மகள் ரோகினி அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, ஊர்க்கதை பேசுவது போலச் சொன்னாள்.

"எனக்கு ஒரு கொறையும் இல்ல ரோகினி. அந்தப் பொன்னி ரயிலு ஏறினாளா இல்லையான்னு தெரியாமலே போறேன் பாரு, அது ஒன்னுதான்."

"யாரும்மா பொன்னி? ஒங்களோட பால்மரம் வெட்டுனவங்களா?"

"சேச்சே. ஒரு படத்துல வருவா. பாதியோட நின்னுபோச்சி."

எப்படி நின்றது என்று அவள் சொல்லவில்லை. கட்டிலின் கால்மாட்டில் ஆரஞ்சுப் பழப் பையோடு நின்ற புருஷனைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பார்த்திருக்கலாம். அவள் பார்க்காமல் விட்டதுதான் கணேசமூர்த்திக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தப் படம் பாதியில் நின்றதற்குக் காரணம் கரண்டு இல்லை, கேசட்டு இல்லை. அவர்தான்.

எண்பத்தெட்டாம் வருஷம். தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் இருந்த காலம். செல்லம் கூட்டுச் சீட்டுக் கட்டி, அந்தப் பணத்தில் ஒரு வீடியோ டெக் வாங்கியிருந்தாள். சனிக்கிழமைதோறும் லுக்குட்டில் அர்ச்சுனன் கடைக்கு பஸ்ஸில் போய் ஒரு கேசட் வாடகைக்கு எடுத்து வருவாள். ஞாயிறு மத்தியானம் மேல் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் ஐந்தாறு பேர் அவள் வீட்டு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். வாரம் ஆறு நாள் விடியுமுன்னே எழுந்து மரத்துக்கு மரம் ஓடுகிறவர்களுக்கு அந்த இரண்டரை மணி நேரம்தான் கால் நீட்டும் நேரம்.

அந்த ஞாயிறு 'பொன்னி போட்ட கடிதம்' ஓடிக்கொண்டிருந்தது. செய்யாத தப்புக்குப் புருஷன் வீட்டைவிட்டுத் துரத்திய பொன்னி, கைக்குழந்தையோடு ரயில் நிலையத்தில் நிற்கிறாள். தூரத்தில் ரயில் கூவுகிறது. அந்த நேரம் பார்த்துக் கணேசமூர்த்தி கள்ளுக்கடையிலிருந்து வந்து, "சோறு" என்றார்.

செல்லம் திரும்பாமலே சொன்னாள். "சட்டியில இருக்கு, போட்டுக்குங்க. ஒரு அஞ்சு நிமிஷம், இந்தக் கட்டம் முடிஞ்சிரட்டும்."

பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டாள். அது போதாதா? ஆறு பெண்களுக்கு முன்னால் தன்னைத் தானே சோறு போட்டுக்கொள்ளச் சொன்னாள் என்பது அவருக்குத் தலை இறங்கின மாதிரி ஆகிவிட்டது. நேராகப் போய் டெக்கை அமுக்கிக் கேசட்டை உருவினார். "இப்பவே லுக்குட்டுல கொண்டுபோய்க் குடுத்துட்டு வரேன். எவளுக்குப் படம் வேணுமோ அங்க வந்து பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு மோட்டாரை முடுக்கினார். பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். செல்லம் துணி துவைக்கப் பின்பக்கம் போனாள்.

பிறகு அவள் அர்ச்சுனன் கடையில் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாள். முதல் தடவை வேறு யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். அடுத்த மாதம் ரஹாங்கில் ஒரு வீட்டு டெக் அந்த நாடாவைச் சுற்றித் தின்றுவிட்டதாக அர்ச்சுனன் சொன்னார். அதோடு முடிந்தது. வேறு நூறு படம் பார்த்திருப்பாள். பொன்னி மட்டும் முப்பத்தாறு வருஷமாக அந்த ரயில் நிலையத்திலேயே நின்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலையிலேயே கணேசமூர்த்தி லுக்குட்டுக்குப் போனார். அர்ச்சுனனின் வீடியோ கடை இருந்த இடத்தில் காசு போட்டுத் துணி துவைக்கும் டோபி கடை சுற்றிக்கொண்டிருந்தது. அர்ச்சுனன் இரண்டு கடை தள்ளி, மகனின் டயர் கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அர்ச்சுனண்ணே, 'பொன்னி போட்ட கடிதம்'னு ஒரு படம். எங்கயாச்சும் ஒரு கேசட்டு கெடக்குமா?"

"எங்கயிருந்து கெடக்கும்? எல்லாம் பூசணம் புடிச்சிப் போயி, பன்னெண்டு மூட்ட, பழைய சாமான் லோரிக்காரன் அள்ளிக்கிட்டுப் போனான்." அர்ச்சுனன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீ படம் எடுக்க வந்து நான் பாத்ததே இல்லையே கணேசு. செல்லந்தான வரும்?"

"அதுக்குத்தாண்ணே."

"நல்லா இருக்கா?"

"இருக்கா லா" என்று சொல்லிவிட்டு மோட்டாரை எடுத்தார். வேறு என்ன சொல்ல?

பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் பட டிஸ்க் விற்றவர்களும் காணாமல் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. அங்கே விசாரித்தபோது, கோலா சாவாவில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் வசந்தனிடம் போகச் சொன்னார்கள். பென்டிரைவில் படம் ஏற்றித் தருவானாம். வசந்தன் கேட்டதும் சிரித்தான்.

"அங்கிள், போன வாரம் வந்த படம் கேளுங்க, தரேன். எண்பத்தெட்டா? அப்ப நான் பொறக்கவே இல்ல லா."

இருந்தாலும் தேடினான். பொன்னி என்று பெயர் போட்ட ஒரு படத்தை ஏற்றிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் அது வேறு பொன்னி. பாம்பாக மாறிப் பழி வாங்குகிற பொன்னி. கணேசமூர்த்தி எழுந்துவிடவில்லை. எந்த நிமிஷமாவது ரயில் வந்துவிடாதா என்று கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார். அன்றைக்கு ஐந்து நிமிஷம் பொறுக்காதவர் இன்றைக்கு ஒரு பாம்புப் படத்தை மூன்று மணி நேரம் பார்த்தார். மறுநாள் போய்ச் சண்டை போட்டதும் வசந்தன் இன்டர்நெட்டில் துழாவி, அசல் படத்தையே கண்டுபிடித்தான். யாரோ புண்ணியவான் அதைப் பதினான்கு துண்டாக வெட்டிப் போட்டிருந்தான். முதல் ஒன்பதுதான் இருந்தன. மிச்சம் ஐந்தைக் காணோம்.

வேறு வழி இல்லாமல் மகளிடம் சொன்னார். ரோகினி சிரம்பானில் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறாள், வீடு ரஹாங்கில். அப்பா தன்னிடம் ஒரு உதவி கேட்பது அதுதான் முதல் தடவை. அன்று சாயங்காலமே கூப்பிட்டாள்.

"கெடச்சிருச்சிப்பா. பழைய படமா வெச்சிருக்கிற ஒரு ஆப். வாங்க முடியாது, வாடகைதான். நான் என் கார்டுல எடுத்துட்டேன்."

'வாடகை' என்ற சொல்லைக் கேட்டதும் கணேசமூர்த்திக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கடை போனால் என்ன, வாடகை இருக்கிறதே.

புதன்கிழமை ரோகினி வந்து, தீபாவளிக்கு அவள் வாங்கிக் கொடுத்த பெரிய டிவியில் அந்த ஆப்பை ஏற்றினாள். லயத்தில் சிக்னல் ஜன்னல் பக்கம் மட்டும்தான் கிடைக்கும். அதனால் மோடத்தை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டாள். திரையில் பொன்னியின் முகம் சின்னப் பெட்டியாகத் தெரிந்தது. "ஞாயித்துக்கெழம அம்மாவக் கூட்டிட்டு வந்து ஒன்னா ஒக்காந்து பாப்போம்பா" என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் முடிவதற்குள் போக வேண்டும் என்று ஓடினாள். அந்த வாடகைக்கு என்ன சட்டம் என்று அப்பாவிடம் விளக்கிச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. படம் என்றாலே எழுந்து போகிற மனிதர் ரிமோட்டைத் தொடுவார் என்று யார் கண்டது?

தோட்டத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓட்டிப் பார்க்காமல் கேசட் வாங்க மாட்டார்கள். உறைமேல் ஒரு படம் எழுதியிருக்கும், உள்ளே வேறு படம் ஓடும். பாதியில் கோடு கோடாக விழும். லுக்குட்டிலிருந்து முக்கால் மணி நேரம் வந்து வீட்டில் ஏமாந்தால் திரும்பிப் போய்ச் சண்டை போடவா முடியும்? அதற்கென்றே அர்ச்சுனன் கல்லா மேஜையில் ஒரு சின்ன டிவி வைத்திருந்தார். முன்னால் ஐந்து நிமிஷம், நடுவில் ஐந்து நிமிஷம். சரியாக இருந்தால்தான் கேசட் பைக்குள் போகும். படமே பார்க்காத கணேசமூர்த்திக்குக்கூட இந்தச் சட்டம் தெரியும். அதோடு அந்தப் பாம்புப் பொன்னி வேறு அவரை ஒரு தடவை கடித்திருந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் ரிமோட்டை எடுத்தார். செல்லத்தை உட்கார வைத்துவிட்டு ஏமாற்றக் கூடாது, அவ்வளவுதான் அவர் நினைத்தது. பொன்னியின் முகத்தில் வைத்து அமுக்கியதும் இங்கிலீஷில் ஒரு நீளமான அறிவிப்பு வந்தது. கீழே இரண்டு கட்டம். ஒன்றில் ஓகே. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி நீட்டுகிற காகிதத்திலெல்லாம் படிக்காமல் கைநாட்டு வைத்துப் பழகிய பரம்பரை, அவரும் அமுக்கினார்.

படம் ஓடியது. சரியான படம், கோடு இல்லை, சத்தம் தெளிவு. ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு நடுவில் ஓட்டி இன்னொரு ஐந்து நிமிஷம் பார்த்தார். கடைசிப் பகுதியைத் தொடவில்லை. அது வரும்போது செல்லத்தின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசையாக இருந்தது. அந்த வயதில், அந்த மனிதருக்கு, அப்படி ஒரு ஆசை. டிவியை அணைத்துவிட்டு வீட்டைக் கூட்டினார். கட்டிலை ஹாலுக்கு இழுத்து வந்து டிவிக்கு நேராகப் போட்டார்.

ஞாயிறு மத்தியானம் ரோகினியின் காரில் செல்லம் வந்து சேர்ந்தாள். காரிலிருந்து கட்டிலுக்கு வருவதற்குள் மூன்று இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. படுத்து மூச்சு வாங்கிய பிறகு டிவியையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னா, கல்யாண வீடு மாதிரி எல்லாம் ஒதுக்கி வெச்சிருக்கு?"

"ஒங்க பொன்னி வந்திருக்காம்மா" என்றாள் ரோகினி. "அப்பாதான் தேடிப் புடிச்சாரு. லுக்குட்டு, பசார் மாலாம், ஒரு எடம் பாக்கியில்ல."

செல்லம் புருஷனைப் பார்த்தாள். இந்தத் தடவை நன்றாகவே பார்த்தாள். தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னாள். மூஞ்சியைத் துடைத்து ஒரு பொட்டு வைத்துவிடச் சொன்னாள். ஐந்து வாரமாகக் கண்ணாடி கேட்காதவள் அன்றைக்குக் கண்ணாடி கேட்டாள்.

ரோகினி டிவியைப் போட்டாள். பொன்னியின் சின்னப் பெட்டி இருந்த இடம் காலியாக இருந்தது. தேடினாள். மறுபடி தேடினாள். ஜன்னலுக்குப் போய் மோடத்தைத் திருப்பி வைத்தாள். பிறகு கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் யாரிடமோ இங்கிலீஷில் இருபது நிமிஷம் பேசினாள். திரும்பி வந்தபோது அவள் முகம் செத்திருந்தது.

"அப்பா, இந்தப் படத்த நீங்க போட்டுப் பாத்தீங்களா?"

"வியாழக்கெழம ஓட்டிப் பாத்தேன். சரியா இருக்கான்னு பாக்க வேணாமா?"

"ஐயோ அப்பா! ஒரு தடவ போட்டா அதுலேருந்து நாப்பத்தெட்டு மணி நேரந்தான். நேத்தே முடிஞ்சிபோச்சி. தொடாம வெச்சிருந்தா ஒரு மாசம் இருந்திருக்கும்."

"அதுக்கென்னா? இன்னொரு வாட்டி வாடகைக்கு எடு. காசு நான் தரேன்."

"எடுக்க முடியாதுப்பா. அந்தப் படத்தோட உரிமம் மாசக் கடைசியோட முடிஞ்சிருச்சாம். வெள்ளிக்கெழமையே தூக்கிட்டாங்க. ஏற்கெனவே எடுத்து வெச்சவங்க மட்டுந்தான் பாக்க முடியும். நம்ப எடுத்து வெச்சிருந்தோம்." ரோகினிக்கு அழுகை வந்துவிட்டது. "கேசட்டாப்பா இது, ஓட்டிப் பாத்து வாங்குறதுக்கு?"

கணேசமூர்த்தி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பட்ட காலிலே படும் என்பது சரிதான், ஆனால் இங்கே கல்லைக் கொண்டுவந்து போட்டதும் அவரே.

"விடு ரோகினி" என்றாள் செல்லம். "நல்லதுக்குத்தான் செஞ்சாரு. எனக்குக் கஞ்சி காய்ச்சு, போ."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். ரோகினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். செல்லம் காலியான திரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பொட்டு புதிதாக இருந்தது. இனி அந்தப் படத்தை எங்கே தேடுவது, அதற்கு எத்தனை நாள் ஆகும், அவளுக்கு எத்தனை நாள் இருக்கிறது?

ஒரு வழி மட்டும் இருந்தது. இத்தனை வருஷமாக அவர் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளாத ஒன்றை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தப் படத்தின் முடிவு அவருக்குத் தெரியும்.

அன்றைக்கு அவர் லுக்குட்டுக்குப் போகவே இல்லை. வாய்க்காலைத் தாண்டிக் கீழ் லயத்தில் லோரி டிரைவர் நல்லசாமி வீட்டுக்குத்தான் போனார். அங்கேயும் ஒரு டெக் இருந்தது. மோட்டாரை வீட்டுக்குப் பின்னால் மறைத்துவிட்டு, நாலு கூட்டாளிகளோடு கள்ளைக் குடித்துக்கொண்டே மிச்சப் படத்தைப் பார்த்தார். கதாநாயகன் பெண்டாட்டியிடம் மன்னிப்புக் கேட்டபோது, இவனெல்லாம் ஒரு ஆம்பளையா என்று காறித் துப்பியவரும் அவர்தான். கேசட்டை மறுநாள்தான் கொண்டுபோய்க் கொடுத்தார்.

சொன்னால் மாட்டிக்கொள்வார். சொல்லாவிட்டால் அவள் தெரியாமலே போய்விடுவாள். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தன் மானத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு அவர் கட்டிலோரம் உட்கார்ந்தார். சொன்னால் மன்னித்துவிடுவாள் என்ற நப்பாசையும் உள்ளே இருந்தது, இல்லாமல் என்ன.

"செல்லம். பொன்னி ரயிலு ஏறல."

அவள் மெல்லத் தலையைத் திருப்பினாள். "ஏறலயா?"

"ஒரு காலப் படியில வெச்சிட்டா. புருஷன் ஓடி வரான். கடுதாசி கையில இருக்கு, அப்பத்தான் படிச்சிருக்கான். தப்பு எம்மேலதான்னு எல்லாரும் பாக்கச் சொல்றான். புள்ளய வாங்கிக்கிறான். ரயிலு போயிருது. அவ போவல."

செல்லம் கண்ணை மூடிக்கொண்டாள். உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது.

"எறங்கிட்டாளா? நான் ஏறியிருப்பான்னுல்ல நெனச்சேன். மரம் வெட்டயில எல்லாம் அவள ரயிலு ஏத்தி விட்டுக்கிட்டே இருந்தேன். ஒவ்வொரு நாளு ஒவ்வொரு ஊருல எறக்கி விடுவேன். தையக்கடையில வேல வாங்கிக் குடுத்தேன். புள்ளயப் படிக்க வெச்சேன்." சிரித்துக்கொண்டே இருந்தவள் கண்ணைத் திறந்தாள். "நீங்க எப்பப் பாத்தீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "அன்னைக்கேதான்."

"எங்க?"

"நல்லசாமி வூட்டுல."

சமையலறையில் ரோகினி அரிசி களைகிற சத்தம் கேட்டது.

"அன்னைக்குச் சத்தம் கேட்டுச்சி" என்றாள் பிறகு. "நீங்க போனப்பொறம் பின்னாடி துணி தொவச்சிக்கிட்டு இருந்தேன். கீழ் லயத்துலேருந்து ரயிலு கூவுது. பொன்னி பேசுறா. வேற யாரோ இன்னொரு கேசட்டு எடுத்திருக்காங்க போலன்னு நெனச்சேன். ஓடிப்போயி வாசல்ல நின்னு முடிவ மட்டும் பாத்துட்டு வந்துரலாமான்னு இருந்திச்சி."

"வந்திருக்கலாமே செல்லம்" என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது.

"நீங்க லுக்குட்டுலேருந்து பசியோட வருவீங்க, சோத்தச் சூடு பண்ணி வெக்கணும்னு போவல."

கணேசமூர்த்தி அவள் கையைப் பிடிக்கப் போனார். அவள் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். கோபமாக இழுக்கவில்லை. இழுத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"அந்த முடிவு எனக்கு வேணாம். நீங்களே வெச்சிக்குங்க" என்றாள். "ரோகினியக் கூப்பிடுங்க. என்னைய செவுத்துப் பக்கம் திருப்பிப் படுக்க வெக்கணும்."

"நான் திருப்புறேன்."

"வேணாம். ரோகினி வரட்டும்."

கஞ்சி கொதிக்கட்டும், வந்துவிடுகிறேன் என்று மகள் உள்ளிருந்து குரல் கொடுத்தாள். செல்லம் காத்திருந்தாள். கட்டிலோரம் உட்கார்ந்திருந்த கணேசமூர்த்தியும் காத்திருந்தார்.